பதினேழாவது இடம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் குறிப்பு ஒன்றில், ஏப்ரல் வந்துவிட்டால் கால்பந்துப் புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். கோப்பை யாருக்கு என்பதைவிட ரெலிகேஷன் (கடைசி இடங்களில் வருகிறவர்கள் ஒரு டிவிஷன் கீழே இறங்குவது) யாருக்கு என்பதில்தான் சுவாரசியம் என்றும் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தியது. மூழ்குகிறவனைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தானே இது?

ஒரு கிளப் கீழே இறங்கினால் பெரிய வீரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர், டிக்கெட் கொடுப்பவர், புல்தரையைப் பார்த்துக்கொள்பவர், இவர்களுக்குத்தான் வேலை போகிறது. நூறு வருடப் பாரம்பரியம் உள்ள கிளப்பை ஒரே ஒரு மோசமான சீசனுக்காக, சில சமயம் ஒரே ஒரு கோலுக்காகக் கீழே தள்ளுவது என்ன நியாயம்? இரண்டு மூன்று வருடச் சராசரியைப் பார்க்கக் கூடாதா? அல்லது அமெரிக்காவின் எம்.எல்.எஸ். மாதிரி ரெலிகேஷனே இல்லாமல் லீக் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேடிக்கைதான் பார்க்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் கரையில் நிற்கிறேன் என்று சொன்னீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. எனக்கென்றும் ஒரு கிளப் உண்டு. எது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தப் பதில் முழுவதையும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பீர்கள். அது கீழே இறங்கியதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தடவை, கடைசி ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஒரு தாளில் எல்லாக் கிளப்புகளின் மீதி ஆட்டங்களையும் எழுதி, யார் யாரிடம் தோற்றால் நாங்கள் பிழைப்போம் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் கிழிகிற அளவுக்கு அழித்து அழித்து எழுதினேன். அப்படியும் இறங்கினார்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சராசரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை ஒரு நாடு நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறது.

அர்ஜென்டினாவில் 1983இல் அந்த முறை வந்தது. மூன்று சீசன்களில் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுப்பார்கள். அந்தச் சராசரி யாருக்குக் குறைவோ அவர்கள் ஆபத்தில். நீங்கள் கேட்பது இதைத்தான்: ஒரு வருடம் சறுக்கினால் போகட்டும், மொத்தமாகப் பார்ப்போம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம்தான் மேலே வந்த சின்னக் கிளப்புக்கு மூன்று சீசன் கணக்கு எங்கே இருக்கிறது? அவர்களுக்கு இருப்பது ஒரே சீசன். அதில் சறுக்கினால் தாங்கிப் பிடிக்கப் பழைய புள்ளிகள் கிடையாது. பெரிய கிளப்போ கடைசி இடத்தில் வந்தாலும் முந்தைய இரண்டு வருடங்களைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். சேமிப்பு உள்ளவனுக்குத்தான் இந்த ஏற்பாடு உதவுகிறது.

அப்புறம் அதே ஏற்பாடு ஒரு பெரிய வீட்டின் மீதே சாய்ந்தது. ரிவர் பிளேட், 1901இல் பிறந்த கிளப், அதுவரை முதல் டிவிஷனை விட்டு இறங்கியதே இல்லை. 2010–11 சீசனை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் கடைசி இடங்களுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களின் மோசமான ஆட்டங்கள் வட்டி போட்டுக்கொண்டு வந்து நின்றன. சராசரி அவர்களை, இறங்குவதா இருப்பதா என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்குத் தள்ளியது. எதிரே இரண்டாம் டிவிஷன் கிளப்பான பெல்கிரானோ. அவர்கள் ஊரான கோர்டோபாவில் ரிவர் பிளேட் 2–0 என்று தோற்றது. 2011 ஜூன் 26 அன்று சொந்த மைதானத்தில் முதலில் கோல் போட்டார்கள், பிறகு சமன் ஆனது, கிடைத்த பெனால்டியையும் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். 1–1 என்று இருக்கும்போது கூட்டம் கொந்தளித்து, ஆட்டத்தை முழுதாக முடிக்கக்கூட முடியவில்லை. அன்று மைதானத்தில் அழுத வீரர்களில் சிலர், மூன்று வருடங்களுக்கு முன் அந்தச் சட்டையைப் போட்டவர்களே அல்ல. யாரோ வாங்கிய கடனை யாரோ அடைத்தார்கள். நீங்கள் கேட்ட நியாயம் இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சீசனின் கணக்கை அந்த சீசனிலேயே தீர்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு கோல் என்று சொன்னீர்கள். அங்கேதான் நான் வாயடைத்துப் போகிறேன். 1997 செப்டம்பர் 1, இங்கிலாந்தின் போல்ட்டன் வாண்டரர்ஸ் புது மைதானத்தில் ஆடிய முதல் லீக் ஆட்டம், எதிரணி எவர்ட்டன். போல்ட்டனின் ஜெர்ரி டாகர்ட் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. எவர்ட்டன் வீரர் உள்ளே இருந்து அதை வெளியே எடுத்தார். நடுவர் பார்க்கவில்லை. ஆட்டம் 0–0. செப்டம்பரில் இதை யார் பெரிதாக நினைப்பார்கள்? அடுத்த மே மாதம் சீசன் முடிந்தபோது போல்ட்டனுக்கும் 40 புள்ளி, எவர்ட்டனுக்கும் 40 புள்ளி. கோல் வித்தியாசம் (போட்ட கோல்களில் வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) எவர்ட்டனுக்கு மைனஸ் 15, போல்ட்டனுக்கு மைனஸ் 20. எவர்ட்டன் பதினேழாவது, போல்ட்டன் பதினெட்டாவது. இருபது கிளப்புகளில் கடைசி மூன்று இறங்கும், ஆகவே அந்தப் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்தான் கிணறு. அந்தக் கோலைக் கொடுத்திருந்தால் போல்ட்டன் தப்பித்து எவர்ட்டன் இறங்கியிருக்கும். எவர்ட்டனோ 1954இலிருந்து முதல் டிவிஷனிலேயே இருக்கும் கிளப்.

இதற்குத்தானே, பந்து கோட்டைத் தாண்டியதா என்று கேமராக்களால் பார்க்கும் கோல்-லைன் தொழில்நுட்பம் வந்தது என்பீர்கள். வந்தது. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைட்டெடும். கொரோனா இடைவெளிக்குப் பிறகு பிரீமியர் லீக்கில், அதாவது இங்கிலாந்தின் முதல் டிவிஷனில், நடந்த முதல் ஆட்டம், காலி மைதானம். வில்லாவின் கோல்கீப்பர் நைலாண்ட் ஒரு ஃப்ரீ கிக்கைப் பிடித்தபடியே கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. கோல் என்றால் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் மட்டும் அதிரவில்லை. வீரர்களின் நெரிசலில் ஏழு கேமராக்களின் பார்வையும் மறைந்துவிட்டது என்று அந்தத் தொழில்நுட்பத்தை நடத்தும் ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஆட்டமும் 0–0. சீசன் முடிவில் வில்லா 35 புள்ளியில் பிழைத்தது, போர்ன்மத்தும் வாட்ஃபோர்டும் 34. கடைசி நாளில் போர்ன்மத் 3–1 என்று எவர்ட்டனை ஜெயித்தும் இறங்கியது. யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று ஒரு கடிகாரம் முடிவு செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பதா, எரிச்சல்படுவதா என்று புரிவதில்லை. ஆகவே அநியாயம் இல்லை என்று உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் இந்த இரண்டு கதைகளிலும் தப்பு விசிலிலும் கேமராவிலும் இருக்கிறது. இதே தப்பு கோப்பையையும் பறிக்கும். அதற்காகக் கோப்பையை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது நான் ஏன் பார்க்கிறேன் என்பதற்கு வருகிறேன். 2005 மே 15. பிரீமியர் லீக்கின் கடைசி நாள் விடிந்தபோது இறங்கப் போகும் மூன்றில் ஒன்றுகூட முடிவாகவில்லை. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. நார்விச் 33, சவுத்தாம்ப்டனும் கிறிஸ்டல் பேலஸும் 32, வெஸ்ட் பிராம் 31. நான்கு பேரில் ஒருவர்தான் பிழைப்பார். நார்விச் ஜெயித்தால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஃபுல்ஹாமிடம் 6–0 என்று தோற்றார்கள். பயம் காலுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். அதைப் பயிற்சியாளர் யாரும் சொல்லித் திருத்திவிட முடியாது. சாதாரணமாக ஒரே தட்டில் பந்தை நகர்த்துகிறவன் அன்றைக்கு மூன்று தட்டு தட்டுவான். பாஸ் கொடுக்க இடம் இருந்தும் தூக்கி அடிப்பான்.

வெஸ்ட் பிராம் கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருந்த அணி. அவர்கள் போர்ட்ஸ்மத்தை 2–0 என்று ஜெயித்தார்கள். ஆனால் அது போதாது, மற்ற மூவரும் வழுக்க வேண்டும். சவுத்தாம்ப்டன் மான்செஸ்டர் யுனைட்டெடிடம் தோற்றது. பேலஸ், சார்ல்ட்டன் மைதானத்தில் 2–1 என்று முன்னால் இருந்தது, அப்படியே முடிந்தால் அவர்கள்தான் பிழைப்பார்கள். 82ஆவது நிமிடம் சார்ல்ட்டனின் ஃபார்ச்சூன் (பெயரைப் பாருங்கள், அதிர்ஷ்டம் என்று அர்த்தம்!) தலையால் முட்டி 2–2 ஆக்கினார். வெஸ்ட் பிராம் ரசிகர்களின் கண் எதிரே ஒன்றும் நடக்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் போட்ட கோல். காதில் ரேடியோ வைத்திருந்தவன் முதலில் கத்தினான், கத்தல் வரிசை வரிசையாகப் பரவியது. இதில் இன்னொரு கூத்து, தோற்றுக்கொண்டிருந்த போர்ட்ஸ்மத் ரசிகர்களே வெஸ்ட் பிராம் கோலுக்குக் கைதட்டினார்கள். சவுத்தாம்ப்டன் அவர்களுக்குப் பரம விரோதி. போதாக்குறைக்கு ஹாரி ரெட்நாப் அந்த சீசன் நடுவில்தான் போர்ட்ஸ்மத்தை விட்டுவிட்டு சவுத்தாம்ப்டனுக்கு மேனேஜராகப் போயிருந்தார். வெஸ்ட் பிராம் 34 புள்ளியில் தப்பியது. இரண்டு வருடம் முன்பு வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியிருந்தது. 40 எடுத்தால் பிழைத்தோம் என்று ஆளாளுக்குச் சொல்லும் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

கோப்பைப் போட்டியில் இது அபூர்வம். மேலே இருப்பவன் பெரும்பாலும் தன் ஆட்டத்தை ஜெயித்தால் போதும். கீழே இருப்பவனுக்குத் தன் ஆட்டம் பாதிதான், மீதி பாதி வேறொரு மைதானத்தில் வேறு யாரோ ஆடுகிறார்கள். ஜெர்மனியில் 1999 மே 29 அன்று நியூரம்பெர்க் பன்னிரண்டாவது இடத்தில் காலை எழுந்தது. பயப்படவே இல்லை. சாயங்காலம் இறங்கியிருந்தார்கள். அவர்கள் ஃப்ரைபர்க்கிடம் 2–1 என்று தோற்க, மூன்று புள்ளி பின்தங்கியிருந்த ஃபிராங்க்ஃபர்ட் 5–1 என்று ஜெயித்தது. ஐந்தாவது கோல் 89ஆவது நிமிடத்தில் விழுந்தது. புள்ளி சமம், கோல் வித்தியாசமும் சமம், போட்ட கோல்களில் 44க்கு 40 என்று ஃபிராங்க்ஃபர்ட் முந்தியது. நியூரம்பெர்க்கிலிருந்த வானொலி வர்ணனையாளர் படுகுழியிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

இதனால்தான் கடைசி நாளில் எல்லா ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். இங்கிலாந்தில் 1977இல் கவென்ட்ரிக்கும் பிரிஸ்டல் சிட்டிக்கும் நடந்த ஆட்டம் கூட்ட நெரிசல் என்று சொல்லித் தாமதமாகத் தொடங்கியது. முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஸ்கோர்போர்டில், இவர்களைப் போலவே ஆபத்தில் இருந்த சண்டர்லாண்ட் தோற்ற செய்தி வந்தது. 2–2 டிரா ஆனால் இருவருமே பிழைப்பார்கள். அப்புறம் என்ன, ஆளுக்குக் கொஞ்ச நேரம் பந்தை வைத்து உருட்டினார்கள், சண்டர்லாண்ட் இறங்கியது. இருபது வருடம் கழித்து 1997இல் மறுபடியும் கவென்ட்ரியின் கடைசி ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, மறுபடியும் கவென்ட்ரி பிழைத்து, மறுபடியும் சண்டர்லாண்ட் இறங்கியது. அந்த ஊர்க்காரர்களிடம் கவென்ட்ரி என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

ரெலிகேஷனே இல்லாத லீக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்க்கதவைச் சாத்தினால் மேல்கதவும் சேர்ந்தே மூடிக்கொள்கிறது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் சூப்பர் லீக் என்று ஒன்றை அறிவித்தபோது, நிறுவனர்கள் என்றைக்கும் இறங்க வேண்டியதில்லை என்றுதான் எழுதிக்கொண்டார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் கழன்றுகொண்டன. தெருவில் இறங்கிக் கத்தியவர்களில் முன்னால் நின்றது அந்தப் பணக்காரக் கிளப்புகளின் சொந்த ரசிகர்கள்தான்.

வேலை போகிறவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. படி ஒன்று இறங்கினால் கால் வலிக்கும், அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஆனால் தொலைக்காட்சிப் பணம் மேலே குவிந்து, படி இருந்த இடம் பாறை விளிம்பாகிவிட்டது. இறங்கிய கிளப்புக்குப் பாராசூட் பணம் என்று மூன்று வருடம் வரை ஒரு பங்கு கொடுக்கிறார்கள். பெயரிலேயே தெரிகிறதல்லவா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார்கள் என்று. அந்தப் பணம் வந்தும் லூட்டன் 2024இல் இறங்கி, நின்று மூச்சு வாங்காமல் 2025இல் இன்னொரு படியும் இறங்கியது.

கடைசியாக ஒன்று. ஜிம்மி கிளாஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1999 மே 8, கார்லைல் யுனைட்டெட் நான்காம் டிவிஷனிலிருந்தே வெளியேறும் நிலை. கோல்கீப்பர் இல்லாமல் இரவல் வாங்கி வந்த ஆள் அவர், அந்தக் கிளப்புக்கு ஆடியது மொத்தம் மூன்று ஆட்டம். 90 நிமிடம் முடிந்து கூட்டித் தரும் இஞ்சுரி டைமில், கடைசி கார்னருக்கு முன்னால் ஓடிப்போய், தட்டித் திரும்பி வந்த பந்தை வலது காலால் வலைக்குள் அடித்தார். எல்லோரும் அந்தக் கோலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, கார்லைல் ஜெயிக்காவிட்டால் பிழைத்திருக்க வேண்டிய ஸ்கார்பரோவில் அதே நேரம் எடுத்த படத்தை. அவர்கள் ஆட்டம் 1–1 என்று முடிந்துவிட்டது. பிழைத்துவிட்டோம் என்று ரசிகர்கள் புல்தரையில் இறங்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் மட்டும் காதில் ரேடியோவோடு நிற்கிறார்கள். ஒரு மூலையில் கொண்டாட்டம் நிற்கிறது. அடுத்த மூலைக்குச் செய்தி இன்னும் போகவில்லை, அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கார்பரோ திரும்பி வரவே இல்லை, 2007இல் கடனில் மூடிவிட்டார்கள். கார்லைலும் 2004இல் இறங்கியது. ஆனால் அடுத்த வருடமே ஏறி வந்துவிட்டது.