எண்ணி எடுத்துத் தயாரித்த சூப்பர் காரை எந்த எண்ணைக் கொண்டு தொடர்வது?

போர்ஷே கரேரா ஜிடி போன்ற, குறைந்த எண்ணிக்கையில் வந்த கார்களில் எது யாரிடம் இருக்கிறது என்பதை ஆர்வலர்கள் எப்படித் தொடர்கிறார்கள், அப்படி ஒரு பட்டியலைப் புதிதாகத் தொடங்குபவர் எதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சேஸிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலையிலேயே பதிக்கும் அடையாள எண்ணை, மட்டும் அடிப்படையாகக் கொள்ளுங்கள். நம்பர் பிளேட், நிறம், காருக்குள் பதித்திருக்கும் வரிசை எண் தகடு, உரிமையாளர் விவரம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணுக்குக் கீழே எழுத வேண்டிய குறிப்புகளே.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பழைய வண்டிகளுக்கான ஆர்.டி.ஓ. ஆவண வேலை செய்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கோவை, பொள்ளாச்சி வண்டிகள் இந்தப் பக்கம் விற்பனைக்கு வருவது அன்றாடம் நடப்பது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்வதால், டி.என். 37 என்று இருந்த கார் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றை வாங்கிக்கொண்டு வந்து கே.எல். 70 ஆகிவிடும். பழைய பதிவெண்ணை வைத்துத் தேடுபவருக்கு அந்தக் கார் காணாமற்போனதாகவே தோன்றும். பதிவெண் கார் இருக்கும் ஊரைக்கூட உறுதியாகச் சொல்லாது. புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து கேரளத்தில் ஓட்டிய சொகுசு கார்கள் தொடர்பாக 2017இல் இங்கே வழக்குகளே வந்தன.

என்.ஓ.சி. விண்ணப்பத்துக்குச் சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுப்போம். எண் அடித்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் அசையாமல் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், சுற்றிலும் கறுத்து எண்கள் மட்டும் வெள்ளையாக எழும்பும். தொழிற்சாலையில் அடித்த எண்கள் ஒரே ஆழத்திலும் ஒரே இடைவெளியிலும் நிற்கும். ராவிவிட்டு மறுபடி அடித்திருந்தால் ஏதாவது ஓர் எண் சற்று ஏறியோ இறங்கியோ நிற்கும். ராவிய கோடுகளும் தாளில் விழுந்துவிடும். கார்பன் ஃபைபர் உடல் கொண்ட சூப்பர் கார்களுக்கு இந்த முறை பொருந்தாது என்றாலும், எண்ணைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதாமல் அது பதிந்திருக்கும் இடத்தையே பார்த்து எழுத வேண்டும் என்ற ஒழுங்கு அங்கேயும் அப்படியே பொருந்தும். இந்தியாவில் குறைந்த எண்ணிக்கையில் தயாரான ஒரு ஸ்போர்ட்ஸ் காரில், ஒரே எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இரண்டு வண்டிகளுக்குப் பதிவாகியிருந்ததாக மும்பைக் காவல்துறை 2020 டிசம்பரில் வழக்குப் பதிந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது புகைப்படம்தான். அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்களில் முன்கண்ணாடியின் இடது ஓரத்தில், வெளியே நின்றே படிக்கும்படி, 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண் இருக்கும். இந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது என்பதால், மங்கலான படத்தில் வட்டமாகத் தெரிவதைச் சுழியம் என்றும் நேர்க்கோடாகத் தெரிவதை ஒன்று என்றும் துணிந்து எழுதலாம். முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். பத்தாவது இடம் மாடல் ஆண்டு: 4 என்றால் 2004, 5 என்றால் 2005. பதினொன்றாவது இடம் தொழிற்சாலை. கரேரா ஜிடிக்கு அது லைப்சிக் நகரம். ஒன்பதாவது இடம்தான் பட்டியல் எழுதுபவருக்குப் பெரிய துணை. மற்ற 16 இடங்களுக்கும் உரிய மதிப்புகளை விதிப்படி பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதி அமெரிக்க கார்களில் அங்கே நிற்கும். மீதி 10 என்றால் எக்ஸ் என்ற எழுத்து வரும். 3ஐ 8 என்று படித்திருந்தால் கணக்கு இடித்துவிடும். ஐரோப்பியச் சந்தைக்கான போர்ஷேக்களில் அந்த இடத்தில் வெறும் இஸட் எழுத்து நிரப்பியிருப்பார்கள் என்பதால் இந்தச் சோதனை அங்கே உதவாது; இரண்டாவது படம் ஒன்று கிடைக்கும்வரை அந்த வரியை உறுதியானது என்று எழுதாதீர்கள்.

கரேரா ஜிடியின் உள்ளே நடுப்பகுதியில் பதித்த வரிசை எண் தகடும், சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களும் வெவ்வேறு கணக்கு. புதிதாக வருபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகிக்க வேண்டாம்.

தயாரிப்பாளர் முதலில் அறிவித்த எண்ணிக்கையை நம்பி வரிசை போட்டு வைப்பதும் சரிவராது. கரேரா ஜிடி 1,500 என்று சொல்லி, 2003 முதல் 2006 வரை 1,270 மட்டுமே வந்தது. ஃபெராரி என்ஸோ 349 என்று தொடங்கி 399 ஆகி, பிறகு போப் இரண்டாம் ஜான் பாலுக்கு அளித்த நானூறாவது காரும் சேர்ந்தது; 2005இல் அதை ஏலம் விட்டு வந்த பணம் ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போனது. மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 என்பார்கள். அதில் வழக்கமான சாலை வடிவம் 64தான், மற்றவை மாதிரி வண்டிகள், பந்தய வண்டிகள், சிறப்பு வடிவங்கள். அதன் முதல் மாதிரி வண்டி நமீபியாவில் சோதனை ஓட்டத்தில் அழிந்தது. அழிந்த காருக்கும் பட்டியலில் அதன் வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே எண்ணோடு நாளைக்கு வேறொரு கார் வந்து நிற்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கைமாறிய வரலாற்றுக்கு ஏல நிறுவனங்களின் விற்பனைக் குறிப்புகளே நல்ல சான்று. சேஸிஸ் எண், ஓடிய தூரம், விற்ற தேதி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். 029 எண் கொண்ட மெக்லாரன் எஃப்1, 242 மைல் மட்டுமே ஓடிய நிலையில், 2021இல் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டி விற்றது. அந்த 242 என்ற எண்ணை ஒருவர் அன்றே குறித்து வைத்திருந்தால், அடுத்த விற்பனையில் சொல்லப்படும் தூரத்தை அதோடு ஒப்பிட முடியும். பிரிட்டனில் உள்ள கார்களின் எம்.ஓ.டி. எனும் ஆண்டுத் தகுதிச் சோதனை விவரங்களைப் பதிவெண் கொடுத்து அரசுத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் ஒவ்வொரு சோதனையிலும் காட்டிய தூரம் இருக்கும். ஆனால் அங்கே பதிவெண்ணை ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், சேஸிஸ் எண்ணோடு பொருத்தாமல் எடுக்காதீர்கள்.

உரிமையாளர் பெயர்களை வெளியிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டில் வாகனப் பதிவு விவரங்களுக்கான அரசின் பரிவாஹன் தளமே பெயரை முழுதாகக் காட்டுவதில்லை, ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர் என்ற எண் இருக்கிறது, பட்டியலுக்கு அது போதும். பல கோடி மதிப்புள்ள பொருள் யார் வீட்டில் நிற்கிறது என்று ஊரறிய எழுதுவது அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து. ஆண்டு, நாடு, எத்தனையாவது உரிமையாளர், ஓடிய தூரம், அதற்கான சான்று, அந்தச் சான்றை நீங்கள் பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். உரிமையாளரே விரும்பித் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னால், எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்; அவர் காரை விற்றதும் நீக்கிவிடுங்கள்.