மென்பவளத்தின் அழற்சி மருந்து: கடலில் இருக்கிறது, கடையில் ஏன் இல்லை?

“மென்பவளங்களில் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் இயற்கைப் பொருள்கள் உள்ளன என்று படித்தேன். இது உண்மையா? உண்மை என்றால் என் அம்மாவின் மூட்டுவலிக்கு எங்கே வாங்கலாம்? சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் பவளப் பற்பமும் இதுவும் ஒன்றா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இயற்கைப் பொருள் வேதியியலில் ஆய்வு செய்தவன். என் கைக்கு வந்தவை கடற்பஞ்சுகளே அன்றிப் பவளங்கள் அல்ல. ஆயினும் இரண்டுக்கும் பிரித்தெடுக்கும் முறை ஒன்றுதான், சிக்கலும் ஒன்றுதான் என்பதால் பதில் எழுதத் துணிகிறேன்.

உண்மைதான். இதற்கு மிகத் தெளிவான சான்று, பஹாமாஸ் தீவுகளைச் சுற்றிய கடலில் இறகு போல் கிளைத்து வளரும் ஆண்டிலோகோர்ஜியா எலிசபெத்தே என்னும் மென்பவளம். ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிக்கலும், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் மருந்தியலாளராக இருந்த ராபர்ட் ஜேக்கப்ஸும் தம் கூட்டாளிகளோடு இதிலிருந்து சூடோப்டெரோசின்கள் என்ற பொருள்களைப் பிரித்து 1986-இல் அறிவித்தார்கள். இருபது கார்பன் அணுக்களைக் கொண்ட டைடெர்பீன் என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள கூட்டுக்கு ஒரு சர்க்கரை மூலக்கூறு வால் கட்டியது போன்ற அமைப்பு அது. எலியின் காதில் வேதிப்பொருள் தடவி வீக்கத்தை உண்டாக்கி, அதன்மேல் இதைப் பூசிப் பார்த்தபோது, அக்காலத்தில் ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட இண்டோமெதசின் மருந்தையும் விஞ்சும் வகையில் வீக்கம் அடங்கியது.

இதைவிட வியப்பூட்டியது அது வேலை செய்த விதம். ஆஸ்பிரின், இண்டோமெதசின், ஐபுப்ரோஃபென் ஆகியவை நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் அழற்சித் தூதுப்பொருளை உண்டாக்கும் நொதியை முடக்குகின்றன. இதை 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடோப்டெரோசின்களோ அந்த நொதியைத் தொடுவதில்லை. வெள்ளையணுக்களிலிருந்து இத்தகைய தூதுப்பொருள்கள் வெளியேறுவதையே அவை தடுப்பதாகச் சோதனைகள் காட்டின. வழக்கமான வலிநிவாரணிகள் வயிற்றைப் புண்ணாக்குவதற்கு அந்த நொதியின் முடக்கமே பெருங்காரணம் என்பதால், வேறு வழியில் இயங்கும் ஒரு பொருளுக்கு மருந்தியலாளர்கள் காட்டிய ஆர்வத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இதே கடற்பகுதியில் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்ஹைமரும் ஸ்ப்ராகின்ஸும் 1969-இல், கரீபியக் கடலின் பிளெக்சாரா ஹோமோமல்லா என்ற மற்றொரு மென்பவளத்தில் புரோஸ்டாகிளாண்டின் வகைச் சேர்மங்களையே கண்டெடுத்தார்கள். நம் திசுக்களில் தேடினாலும் அகப்படாத அளவு நுண்மையாக இருக்கும் இப்பொருள், அந்தப் பவளத்தின் உலர்ந்த மேற்திசுவின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருந்தது. புரோஸ்டாகிளாண்டின் ஆராய்ச்சிக்கு மூலப்பொருள் கிடைக்காமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. எனவே மருந்து நிறுவனங்களின் பார்வை அந்தப் பவளத்தின்மேல் திரும்பியது. பவளத்துக்கு இப்பொருள்கள் தற்காப்புக்கே: பாறையில் வேரூன்றியது போல் நின்று, ஓடவும் ஒளியவும் முடியாத, கல் போன்ற ஓடும் இல்லாத உயிரினம் தன்னைக் கொறிக்க வரும் மீனை வேதிப்பொருளால்தான் விரட்ட வேண்டும். நமக்கு அழற்சியை உண்டாக்குவதும் அடக்குவதும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

பிளெக்சாராவைக் காப்பாற்றியது ஆய்வகம். ஹார்வர்டின் ஈ. ஜே. கோரி 1969-இலேயே புரோஸ்டாகிளாண்டின்களைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை வகுத்திருந்தார். அவ்வழி தொழில்முறையில் தேறியதும் பவளத்தை வெட்டும் தேவை மறைந்தது. அதே கோரி 1989-இல் சூடோப்டெரோசினையும் ஆய்வகத்தில் செயற்கையாகத் தொகுத்துக் காட்டினார். ஆனால் இம்முறை கடல் தப்பவில்லை. தொகுப்பின் படிகள் பல. ஒவ்வொரு படியிலும் பொருளில் ஒரு பகுதி வீணாகும். கடைசியில் பவளத்தை நறுக்கி உலர்த்திச் சாறெடுப்பதே மலிவாக இருந்தது. உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நல்ல மூலக்கூறு கிடைப்பது அரிது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கிலோக்கணக்கான கடற்பஞ்சைக் கரைப்பானில் ஊறவைத்து, மாதக்கணக்கில் வடித்துப் பிரித்து, நகக்கண்ணில் அடங்கும் தூளை மட்டும் கண்ட எனக்கு, அந்த மூலக்கூற்றைப் போதிய அளவு பெறுவதே அதனினும் அரிது என்று தெரியும்.

சூடோப்டெரோசின் அதனால் முதலில் போய்ச் சேர்ந்த இடம் மருந்துக் கடை அன்று, அழகுசாதனக் கடை. எஸ்டீ லாடர் நிறுவனம் ‘ரெசிலியன்ஸ்’ என்ற முகப் பூச்சில் இந்தப் பவளச் சாற்றைச் சேர்த்தது. பூச்சுக்குத் தூய சேர்மம் வேண்டியதில்லை, ஓரளவு சுத்திகரித்த சாறே போதும். மருந்துக்குரிய நீண்ட மனிதச் சோதனைகளும் தேவையில்லை. பஹாமாஸில் முக்குளிப்பவர்கள் கிளைகளை மட்டும் கத்தரித்து அடிப்பகுதியை விட்டுவைப்பார்கள், அது மீண்டும் தளிர்க்கும். அறுவடைக்கு அரசின் கட்டுப்பாடும் உண்டு. மறுபுறம், மெத்தோப்டெரோசின் என்ற திருத்திய வடிவம் புண் ஆற்றும் மருந்தாகத் தொடக்கநிலை மனிதச் சோதனை வரை சென்றதே தவிர, ஒப்புதல் பெற்ற மருந்தாக வெளிவரவில்லை.

பவளத்தை வெட்டாமல் இதைப் பெற வேண்டுமென்றால், இதை உண்மையில் தயாரிப்பது யார் என்று முதலில் தெரிய வேண்டும். பவளத் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளே தயாரிக்கின்றன என்று 2000-களில் வலுவாகக் கருதப்பட்டது. பாக்டீரியாக்களின் மேல் ஐயம் கொண்டவர்களும் உண்டு. 2022-இல், ஸ்க்ரிப்ஸில் பிராட்லி மூரின் குழுவும் யூட்டா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷ்மிட்டின் குழுவும் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: டெர்பீன்களை (சூடோப்டெரோசினின் டைடெர்பீனும் இவ்வகையே) வளையமாக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் மென்பவளங்களின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே உள்ளன. அந்த மரபணுக்களை ஆய்வகப் பாக்டீரியாவில் புகுத்தி நொதிகளைச் செயல்படவும் வைத்தார்கள். அத்தகைய பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து முழு மூலக்கூற்றையும் எடுக்க இன்னும் பல நொதிகள் வேண்டும். ஆனாலும் பிளெக்சாராவுக்குக் கோரி செய்ததை இதற்கு இந்த வழிதான் செய்யும் என்று நம்புகிறேன்.

தைவானில் சினுலேரியா, பிரையேரியம் போன்ற மென்பவளங்களைத் தொட்டிகளிலேயே வளர்த்து ஆராய்கிறார்கள். அங்கிருந்து வரும் கட்டுரைகளில் பல, எலியின் வெள்ளையணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்துச் செய்யும் சோதனைகள். “அழற்சியைக் குறைக்கிறது” என்ற வரியைப் படிக்கும்போது, யாருடைய அழற்சி, எந்தக் கிண்ணத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பவளப் பற்பம் பற்றிக் கேட்டது பொருத்தமான கேள்வி. செம்பவளமும் மென்பவளங்களும் விலங்கியலில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை; இரண்டின் பாலிப்புகளுக்கும் எட்டு உணர்கொம்புகள்தான். ஆனால் பற்பத்துக்கு எடுப்பது செம்பவளத்தின் சுண்ணாம்பு எலும்பை. மேலே சொன்ன டெர்பீன்கள் உயிருள்ள சதையில் இருப்பவை. அப்படி ஏதேனும் எலும்பில் ஒட்டியிருந்தாலும் புடத்தின் சூட்டில் எரிந்துபோகும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. பற்பத்தின் பயனைப் பற்றிச் சித்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு மென்பவள மருந்து என்று எதையும் வாங்காதீர்கள். மூட்டுவலிக்கென்று அங்கீகாரம் பெற்ற மென்பவள மருந்து எதுவும் இல்லை. இணையத்தில் அப்படி விற்பவர் கடல் விசிறி என்னும் மென்பவள வகையைக் காய வைத்துப் பொடித்துத் தந்தாலும், அது இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிரினம் என்பதால் வாங்குபவருக்கும் வழக்கு வரக்கூடும். மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கு வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் வலி மாத்திரை எழுதும் முன்னரே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.