துயில்வோன்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடமாகப் படிக்கிறேன். கட்டுரை என்றால் எப்படியோ முடித்துவிடுகிறேன், புத்தகம்தான் பிரச்சினை. மூன்றாவது பக்கத்தில் கொட்டாவி வருகிறது, ஐந்தாவது பக்கத்தில் கண் சொருகுகிறது. ஒரே பாராவை நாலு தடவை படித்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் முழிக்கிறேன். புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கிய பெரிய நாவல் ஒன்றில் ஐந்து மாதமாக 212ஆம் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் போனில் ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்க முடிகிறது. பள்ளிக்கூட நாட்களில் ஊர் நூலகத்தில் மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தவன் நான். இப்போது டீ குடித்துப் பார்த்தேன், முகம் கழுவிப் பார்த்தேன், நின்றுகொண்டே படித்தும் பார்த்தேன். 'உனக்கு உண்மையான ஆர்வம் இல்லை, சோம்பேறித்தனம்' என்கிறார்கள் நண்பர்கள். அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூங்காமல், கவனம் சிதறாமல் படிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

என்னைப் பற்றி: வயது 34. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். அறையில் மூன்று பேர் இருக்கிறோம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், நானும் தூங்கித்தான் விழுகிறேன். போன வாரம்கூட மூக்குக்கண்ணாடியோடு தூங்கி, அதன் கால் ஒன்றை வளைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியை, முகவரி எழுதுவது போல, கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். அதைப் படித்த பிறகு மேலே இருந்ததை எல்லாம் மறுபடி படித்தேன். ஏ ஷிப்ட் என்றால் காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்காவது எழ வேண்டும். முந்தின இரவு ஒரு மணி வரை போன். ஆக, மூன்றரை மணி நேரத் தூக்கம். சி ஷிப்ட் என்றால் காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து படுப்பீர்கள், எட்டு மணிக்கு அறை நண்பர் குக்கர் வைப்பார். வெளியே வெயில், வண்டிச் சத்தம். உடம்பு அந்த வாரத்துக்குப் பழகுவதற்குள் ஷிப்ட் மாறிவிடும். இந்த லட்சணத்தில் நீங்கள் ஐந்து பக்கம் விழித்திருப்பதே பெரிய விஷயம்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினால்தான் அது குறையும். நீங்கள் குடிக்கும் டீயில் இருக்கிற கஃபீன் அதைக் குறைப்பதில்லை. அடினோசின் வந்து உட்கார வேண்டிய இடத்தில், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி, முன்னாலேயே துண்டைப் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். நின்றுகொண்டிருப்பவர்கள் இறங்கிப் போய்விடவில்லை. துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காருவார்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், படிப்பதற்காக ராத்திரி ஒன்பது மணிக்குக் குடிக்கிற டீ அன்றைய ராத்திரித் தூக்கத்திலும் கை வைக்கும்.

போனில் மட்டும் எப்படி விழித்திருக்க முடிகிறது என்று கேட்பீர்கள். போன் பத்து விநாடிக்கு ஒரு தடவை உங்களைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறது. புதுப் படம், புதுச் சத்தம், யாரோ யாரையோ திட்டுகிறார்கள். புத்தகம் கிள்ளாது. அமைதியான இடம், ஒரே இடத்தில் அசையாத உடம்பு, ஒரே மாதிரியான வரிகள். நாள் முழுக்க இதற்காகத்தான் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததும் தூங்குகிறோமே, அதே கதைதான். பஸ்ஸில் நமக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், யாருக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. கள் குடித்துக் களிப்பவன், சோம்பேறி, திருடன், கோபக்காரன் என்று போகிற வரிசையில் 'துயில்வோன்' என்று ஒருவனும் இருக்கிறான். தூங்குமூஞ்சிக்கு நூல் கிடையாது, போ என்கிறார். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது, கடைசி பெஞ்சில் நானும் அந்த இனம்தான். ஆனால் பல வருடம் கழித்து ஒன்று கண்ணில் பட்டது. 'மடி' என்று சோம்பேறியைப் பட்டியலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார், துயில்வோனைத் தள்ளித் தனியாகச் சொல்கிறார். சூத்திரக்காரர்கள் சொல்லை வீணாக்குகிறவர்கள் இல்லை. அவருக்கே அவர்கள் இரண்டு பேர். உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் அவரைவிடப் பழையவர். எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியஸ் என்ற கிறிஸ்தவத் துறவி. மடத்துத் துறவிகளைப் பிடிக்கிற ஒருவிதச் சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பிடியில் இருக்கிறவன் படிக்க உட்கார்ந்தால் கொட்டாவி விடுவான், கண்ணைக் கசக்குவான், கையை நீட்டிச் சோம்பல் முறிப்பான், புத்தகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பான். மறுபடி கொஞ்சம் படிப்பான். அப்புறம் முடிவு எங்கே இருக்கிறது என்று புரட்டுவான், இன்னும் எத்தனை தாள் என்று எண்ணுவான். கடைசியில் புத்தகத்தை மூடித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிடுவான். 1,600 வருடத்துக்கு முந்தைய ஆள், நம் அறைக்குள் எட்டிப் பார்த்து எழுதிய மாதிரி இல்லை? இதை அவர் ஒரு பேயின் வேலை என்கிறார். காலை பத்து மணிக்கு மேல் பிடித்து மதியம் இரண்டு வரை விடாதாம்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். அந்தத் துறவிகள் இரவில் கண்விழித்து ஜெபம் செய்வதை ஒரு விரதமாகவே வைத்திருந்தவர்கள். அதாவது, பாதி சி ஷிப்ட். மறுநாள் நடுப்பகலில், பாலைவன வெயிலில், வெறும் வயிற்றோடு புத்தகத்தை விரித்தால் தூக்கம் வர, பேய் எதற்கு? அவர் பேயைக் குறை சொல்கிறார், பவணந்தியார் மாணவனை, நீங்கள் உங்களையே. எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சரி, தூக்கக் கடன் இல்லாதவனுக்கும் படிக்கும்போது தூக்கம் வரும். அதற்கு நானே சாட்சி.

இருபத்திரண்டு வயதில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர் அச்சுத் தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார். எனக்குப் படித்துக்காட்டிய பெரியவர் ஒரு புள்ளியையும் விடமாட்டார். "அன்னாரது கமா அயராத உழைப்பால் கமா" என்று ராகம் போட்டுப் படிப்பார். "புது பாரா" என்னும்போது மேஜையில் ஒரு தட்டு. அவர் குரலில் எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை. ஒரு நாள் அவர் லீவு. மதியம் மூன்று மணி, சித்திரை மாதம், தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு தலைமையாசிரியரின் ஓய்வுக்காகப் போடுகிற மலரின் அட்டையை நான் தனியாக, வாய்க்குள் படித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அட்டையில் அவருடைய படம், மாலை போட்டது. கீழே, 'பணி நிறைவு மலர்' என்று வர வேண்டிய இடத்தில் 'பணி நினைவு மலர்'.

தலைமையாசிரியர் நேரில் வந்தார். கோபப்படவில்லை. அட்டையை என் முன்னால் வைத்து, "தம்பி, நான் இன்னும் இருக்கேன்" என்றார். அட்டை மறுபடி அடித்த செலவு என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடிக்கப்பட்டது. (பழைய எழுத்தாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று இன்றும் நினைப்பதுண்டு. அப்போது 'னை'க்கு முன்னால் தும்பிக்கை தொங்கும், 'றை'க்கு அது கிடையாது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்துவிட்டது.)

இத்தனைக்கும் முந்தின இரவு நான் நன்றாகத் தூங்கியிருந்தேன். தயிர்சாதத்தை ரொம்ப நாள் குறை சொன்னேன். சாப்பாடு கொஞ்சம் கூட்டும், ஆனால் சாப்பிடாவிட்டாலும் மதியம் ஒன்றிலிருந்து நான்குக்குள் ஒரு மந்தம் வந்தே தீரும், அது உடம்புக் கடிகாரத்தின் ஏற்பாடு. அதைவிடப் பெரிய காரணம், அன்று குரல் இல்லாதது. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் விநாடிதான். அதில் சில எழுத்துகள்தான் தெளிவாகத் தெரியும், மீதியை மனம் ஊகித்து நிரப்புகிறது. மனம் எங்கோ போய்விட்டாலும் கண் தத்திக்கொண்டேதான் இருக்கும். ஒரே பாராவை நாலு தடவை படிக்கிறீர்களே, அது இதுதான். சத்தமாகப் படித்தால் இந்த ஏமாற்று நடக்காது. மனம் விலகினால் குரல் தடுமாறும், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஃபோர்மேன் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு கொடுத்தார். நடுவில் ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் வெட்டியது. அதை வரி வரியாக நகர்த்தி, பென்சில் முனையை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும், வாய் முணுமுணுக்க வேண்டும். பெரிய புலவர்களை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்பார்கள். நான் கூலிக்கு எண்ணினேன். இப்போதும் கடினமான புத்தகம் என்றால் பென்சில் இல்லாமல் உட்கார மாட்டேன். பக்கத்துக்கு ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, சில சமயம் 'அபத்தம்' என்று ஒரு சொல். ஆசிரியரோடு சண்டை போடுகிறவனுக்கு அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வராது. நூலகப் புத்தகத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். சி ஷிப்ட் வாரத்தில் நாவலைத் தொடாதீர்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் கவிதை, அதுவும் ஒன்றிரண்டு. ஏ ஷிப்ட் வாரத்தில் மதியம் வந்ததும் புத்தகத்தை எடுக்காமல் தூங்குங்கள், மாலையில் அரை மணி நேரம் கிடைத்தால் லாபம். உங்கள் படிப்பு வாரம் பி ஷிப்ட். ராத்திரி பத்தரைக்கு அறைக்கு வந்து, பன்னிரண்டுக்குள் படுத்தால், எட்டு மணி வரை தூங்கலாம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கையில் இருக்கிறது. அறை நண்பர்களில் ஒருவர் வேலைக்குப் போயிருப்பார், ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். மொட்டைமாடிக்குப் போய் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பரீட்சை என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தானா என்று கேட்காதீர்கள். தினம் நாற்பது பக்கம் என்றாலும் ஆறு நாளில் 240. ஐந்து மாதமாக 212இல் நிற்பவர் நீங்கள்.

நடுவில் கண் சொருகினால் போராட வேண்டாம். ஒரு டீயைக் குடித்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீ வேலையைத் தொடங்கவே இருபது முப்பது நிமிடம் ஆகும், நீங்கள் எழுவதும் அது வருவதும் ஒன்றாக இருக்கும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், எழும்போது தலை கனக்கும், அன்றையப் படிப்பு போச்சு. விடுமுறையில் எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் இப்படியே கண் செருகினால், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று அறை நண்பர்களைக் கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டரைப் பாருங்கள், அது என் கடித எல்லையைத் தாண்டிய விஷயம். கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த நாவல். பெயரை உங்கள் கடிதத்திலிருந்து நான்தான் நீக்கினேன், எழுதியவர் என் நண்பர். நானும் அதைப் படித்தேன். 190இலிருந்து 260 வரை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சொத்துத் தகராறு வரும், எனக்கும் அங்கேதான் கண்ணாடி வளைந்தது. தாவி 261க்குப் போங்கள். அங்கே ஆற்றில் வெள்ளம் வருகிறது. கதை விட்டுப்போகாது, நான் பொறுப்பு. அவரிடம் சொல்ல வேண்டாம்.

பின்குறிப்பு: உங்கள் கடிதம் எனக்கு வந்த நேரம் அதிகாலை 3.40 என்று காட்டுகிறது. சி ஷிப்டில் டீ இடைவேளை என்றால் சரி. லீவு நாள் என்றால், இந்தப் பதிலை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.