நம்மவர் வாக்கை நம்பித் தேர்தலில் நிற்காதீர்கள்

தம்பி, வேலை விசாவில் வந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில், பன்னாட்டுக் கணினித் தொழில்முறைச் சங்கம் ஒன்றின் தலைமைப் பொறுப்புக்குப் போட்டியிட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் குடியுரிமை வேண்டுமா, எவ்வளவு செலவாகும், உலகெங்கும் பரவியிருக்கும் நம்மவர்களின் வாக்குகளை ஒருங்கே திரட்டினால் வென்றுவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியுரிமையை யாரும் கேட்பதில்லை, உறுப்பினர் தகுதியைத்தான் பார்ப்பார்கள். பதவி ஊதியமற்றது, பணத்தைவிட உங்கள் இரவுகளும் வார இறுதிகளும்தான் அதிகம் செலவாகும். இவ்விரண்டுக்கும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது.

நான் புதிதாக வந்தபோது, இப்படியொரு சங்கத்தின் எங்கள் ஊர்க் கிளையில் நம்மவர்கள் சிலர் இதே கணக்கைப் போட்டார்கள். உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்தச் சொல்லி நண்பர்களைச் சேர்த்து, கிளைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என அனைத்து இடங்களையும் ஒரே ஆண்டில் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்த கூட்டங்களில் தொழில்நுட்ப உரை குறைந்து, பாராட்டு உரை பெருகியது. மற்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார்கள். பதவிப் பெயரை முகவரி அட்டையில் அச்சிட்டுக்கொள்வதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் இந்த வகையினர் எல்லாச் சமூகங்களிலும் உண்டு என்றாலும், நம்மிடையே சற்றுக் கூடுதலாகவே இருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கிளையில் பலித்த கணக்கு உலக அளவில் பலிக்காது. வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வருவதற்கு வெகுமுன்பே, பெயர்ப் பரிந்துரைக் குழு ஒன்று கூடி யார் யார் நிற்கத் தக்கவர் என்று முடிவு செய்துவிடுகிறது. உறுப்பினர்களிடம் கையொப்பம் திரட்டி மனுவின் வழியாக நிற்கவும் இடமுண்டு என்றாலும், அந்தக் கையொப்பங்களைத் தருபவர்களும் உங்கள் உழைப்பை ஏற்கெனவே பார்த்தவர்களாக இருந்தால்தான் அந்த வழி எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கும். வென்ற பிறகும் சுமை சிறியதன்று. கணினித் துறையினரின் பன்னாட்டுச் சங்கமான ஏ.சி.எம். (ACM) அமைப்பின் தலைவர் பதவி இரண்டு ஆண்டுகளுக்கானது. ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் கணினிச் சங்கத்திலோ வென்றவர் ஓராண்டு அடுத்த தலைவராகக் காத்திருந்து, ஓராண்டு தலைவராகப் பணியாற்றி, மேலும் ஓராண்டு முன்னாள் தலைவர் என்ற முறையில் தொடர வேண்டும். ஆக, மூன்று ஆண்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கு இங்கே வாய்ப்பே கிடையாது என்று உங்களிடம் சிலர் சொல்லியிருப்பார்கள், அதுவும் சரியன்று. 1947-இல் தொடங்கிய ஏ.சி.எம்., வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஒரு தலைவரைக் காண 2008 வரை காத்திருந்தது. அப்போது பொறுப்பேற்றவர் பிரிட்டனின் வெண்டி ஹால். அதன் பின் 2020-இல் ஆஸ்திரியாவின் காப்ரியேலே கோட்சிஸும், 2022-இல் கிரேக்கத்தின் யானிஸ் இயோனிடிஸும் வந்தார்கள். ஐ-ட்ரிபிள்-ஈ கணினிச் சங்கத்தில் ஜப்பானின் ஹிரோனோரி கசஹரா 2018-இல் தலைவரானார். ஆஸ்திரிய உறுப்பினர்களோ கிரேக்க உறுப்பினர்களோ ஒருவர் விடாமல் திரண்டாலும் உலகத் தேர்தல் ஒன்றைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை வராது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். 2025-இல் அதே கணினிச் சங்கத்தின் தலைவரான ஹிரோனோரி வாஷிசாகி, அதற்கு முன் மென்பொருள் பொறியாளர் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தரும் மென்பொருள் பொறியியல் அறிவுத்தொகுப்பு (SWEBOK) வழிகாட்டியின் நான்காம் பதிப்பைத் தொகுத்து முடித்தவர். பல நாட்டு வல்லுநர்களின் முரண்பட்ட கருத்துகளை ஓர் ஆவணத்துக்குள் இணங்க வைப்பதை விடச் சிறந்த தேர்தல் பரப்புரை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சங்கப் பணியில் எனக்கு முதலில் கிடைத்தது கூட்டக் குறிப்பெழுதும் வேலைதான். அதை யாரும் விரும்பாததால் புதியவனான என்னிடம் தள்ளினார்கள். நள்ளிரவில் நடக்கும் தொலைபேசிக் கூட்டங்களில், ஒருவரின் உச்சரிப்பு இன்னொருவருக்குப் புரியாத நேரங்களில், இருவரும் என்ன சொன்னார்கள் என்பதை எழுத்தில் தெளிவாகத் தந்தவன் நான் என்பதால், மெல்ல மெல்ல என் பெயர் நினைவில் தங்கியது. என் உச்சரிப்பைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றுபோனது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆய்வுக் கட்டுரை மதிப்பாய்வு, மாநாட்டு நிகழ்ச்சிக் குழு, தரநிலைப் பணிக்குழு ஆகியவை எல்லாம் இப்படி ஆள் கிடைக்காமல் தவிக்கும் இடங்கள். அங்கே நேரத்துக்கு வேலையை முடித்துத் தருபவரைத்தான் பரிந்துரைக் குழுவினர் பிற்பாடு தேடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே பிறந்தவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். நிர்வாகக் கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கும்; மற்றவர்கள் பயணச்சீட்டு எடுத்தால் போதும், உங்கள் கடவுச்சீட்டுக்கோ ஒவ்வொரு நாட்டின் விசாவும் தேவைப்படும். நான் பெரிதும் எதிர்பார்த்திருந்த ஒரு கூட்டம் நடந்த வாரத்தில் என் கடவுச்சீட்டு ஒரு தூதரகத்தின் மேசையில் கிடந்தது. என் முன்மொழிவை வேறொருவர் வாசித்தார், கேள்விகளுக்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை, அது தள்ளுபடியானது. இப்போது காணொளி வசதி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, ஆனால் இடைவேளையில் நின்றுகொண்டு பேசி முடிவாகும் விஷயங்கள் காணொளியில் வருவதில்லை. அது மட்டுமல்ல, உங்கள் விசா நிபந்தனை வேலை தரும் நிறுவனத்தோடு கட்டுண்டிருக்கிறது. சங்கப் பணிக்கு அவர்களின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது மதிப்பூதியம் தருவதாகச் சொன்னால், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் கைநீட்டாதீர்கள்.

வேட்பாளர் அறிக்கை எழுதும் நாள் வரும்போது, "புதுமை, பன்மை, எதிர்காலம்" என்று அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும் அதையே வாசித்து உறுப்பினர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். இத்தகைய சங்கங்களின் வருவாயில் பெரும்பங்கு வெளியீடுகளிலிருந்தும் மாநாடுகளிலிருந்தும் வருகிறது. ஏ.சி.எம். 2026 ஜனவரி முதல் தன் மின்னூலகத்திலுள்ள ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி திறந்துவிட்டது. அதற்கான செலவு வாசகரிடமிருந்து கட்டுரையாளர்களின் நிறுவனங்களுக்கும், நிறுவன ஒப்பந்தம் இல்லாதபோது கட்டுரையாளருக்கும் மாறியிருக்கிறது. வசதி குறைந்த நாட்டிலிருந்து எழுதும் ஆய்வாளர் அந்தத் தொகையை எப்படிக் கட்டுவார் என்பது இன்றைக்கு உண்மையான தேர்தல் கேள்வி. இரு பக்க வாழ்க்கையும் அறிந்த உங்களைப் போன்றவர் அதற்கு ஒரு விடை வைத்திருந்தால், உங்கள் மொழி பேசாதவர்களும் உங்களுக்கு வாக்களிப்பார்கள்.

இப்போதைக்கு ஏதேனும் ஒரு மாநாட்டுக்கு மதிப்பாய்வாளராகப் பெயர் கொடுத்துவிட்டு, கெடு தேதிக்கு முன்பே அறிக்கையை அனுப்புங்கள். கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்பதையும் பார்த்துவையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் விசா தருவதில்லை.