விபத்துக்குப் பின் உடலும் மனமும்: கேள்வி பதில்

கோலாலம்பூரில் பிசியோதெரபி சிகிச்சையாளராகப் பணியாற்றும் என்னிடம் வந்த கேள்விகளில் நான்கிற்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (செந்தூல்): அக்கா, மோட்டார் சைக்கிள் விபத்தில் முறிந்த என் மகனின் தொடை எலும்பு கூடிவிட்டதாக மருத்துவர் சொல்கிறார். மூன்று மாதமாகியும் அவன் காலை ஊன்ற மறுக்கிறான். இது சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை, அம்மா. அந்தச் சொல்லை அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். அச்சத்தால் தசைகள் இறுகுகின்றன, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் அதே வலி இன்னும் கடுமையாகத் தெரிவதால், அவர் காலை அசைக்கவே அஞ்சுகிறார். விபத்து கனவில் திரும்பத் திரும்ப வருகிறதா, ஹார்ன் ஒலிக்குத் திடுக்கிடுகிறானா, சாலைப் பக்கம் போகவே தயங்குகிறானா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறா என்று மனநல மருத்துவர் ஆராய வேண்டும். அருகிலுள்ள அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கால் குணமான பிறகு மனத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து, காலையும் சேர்த்துப் பின்னடைய விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கிள்ளான்): முதுகுத்தண்டு அடிபட்ட என் கணவர், "நான் போய்விட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்" என்கிறார். இதைப் பற்றி அவரிடம் பேசவே பயமாக இருக்கிறது.

பதில்: தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உண்டு என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் மனநல உதவி பெறலாம். வழக்கு வருமோ என்ற அச்சமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): தொழிற்சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் எரிகிறது. வீட்டில் பிரமை என்கிறார்கள்.

பதில்: தம்பி, அந்த எரிச்சல் உண்மையானது. பாதம் போனாலும், மூளையில் பாதத்திற்குரிய பகுதி அப்படியே இருக்கிறது. இதற்கு மருந்துகள் உண்டு, 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சியும் (நல்ல காலின் பிம்பத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடி அசைப்பது) சிலருக்குப் பலன் தருகிறது, எல்லாருக்கும் அல்ல. வேலையிடத்து விபத்து என்பதால், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் செயற்கைக் காலுக்கும், மலாக்காவில் உள்ள அதன் மறுவாழ்வு மையத்திற்கும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி (கோம்பாக்): செயற்கைக் காலுடன் பத்துமலைப் படியேறுவதாக வேண்டுதல். முடியுமா?

பதில்: இந்த வேண்டுதல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் எண்ணிப் பயிற்சி செய்ய 272 படிகள் கண்முன்னே இருக்கின்றன. முதலில் வீட்டுப் படியில் பழகுங்கள். தைப்பூசக் கூட்டத்தைத் தவிர்த்து, கூட்டமில்லாத ஒரு காலையில், துணையோடு செல்லுங்கள். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதால், பாதித் தெம்பை அதற்கென்று மிச்சம் வையுங்கள்.