எந்தக் கருவி? – பத்தமடையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஓராண்டாக வலைத்தள நிரலாக்கம் கற்று வருகிறேன். பயிற்சி மையத்தில், வலைப்பக்கம் கட்ட உதவும் சட்டகங்களுள் (framework) முதலில் ஆங்குலர் சொல்லித் தந்தார்கள். பிறகு ரியாக்ட்தான் வேலை தரும் என்றார்கள். நண்பர் ஒருவரோ வியூ எளிது என்கிறார். காணொளியைப் பார்த்து எழுதினால் எல்லாம் வருகிறது, மூடிவிட்டால் ஒரு பக்கம்கூட எழுத வரவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? என் மடிக்கணினி 4 ஜிபி ரேம் உள்ள பழையது. புதிது வாங்க வேண்டுமானால் அம்மா பாய் நெய்து சேர்த்த பணத்தைத்தான் கேட்க வேண்டும்.

ம., பத்தமடை

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட கேள்வியைவிட, காணொளியை மூடினால் கை நின்றுவிடுகிறது என்ற வரியே எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் தொழிலுக்கு வந்தபோது, 2006இல் வெளியான ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பு தெரியாதவனுக்கு வேலை இல்லை என்றார்கள். 2010இல் இன்றைய ஆங்குலரின் முன்னோடியான ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ என அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் நான் இரவெல்லாம் விழித்துக் கற்ற ஆங்குலர்ஜேஎஸுக்கு 2021 இறுதியோடு ஆதரவே நின்றுபோனது. இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி. அதில் கற்ற எதையும் நான் இன்னும் தூக்கி எறியவில்லை.

அடிப்படை தெரியாததால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் உறவினர் ஒருவரின் பாத்திரக்கடைக்கு ரசீது போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். தாள் குறுகலாக இருந்ததால் பெயரைப் பன்னிரண்டு எழுத்தோடு வெட்டும்படி வைத்தேன். பேச்சிமுத்து சரியாக வந்தார். இசக்கியம்மாள் என்பதும் எட்டே எழுத்துதானே என்று நினைத்தேன். ஆனால் கணினி ‘க்’ என்பதை ககரமாகவும் புள்ளியாகவும், ‘கி’ என்பதைக் ககரமாகவும் இகரக் குறியாகவும் தனித்தனியே எண்ணுகிறது. அக்கணக்கில் பேச்சிமுத்து பன்னிரண்டு, இசக்கியம்மாள் பதின்மூன்று. கடைசிப் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு, ரசீதில் ‘இசக்கியம்மாள’ என்று அச்சாயிற்று. “குடம் வாங்க வந்தவளை மாளச் சொல்லுதீயளா?” என்று அந்த அம்மாள் கேட்டதற்கு என் உறவினரிடம் பதில் இல்லை. எந்தச் சட்டகத்தை மாற்றிப் போட்டிருந்தாலும் இந்தப் பிழை அப்படியேதான் இருந்திருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறை எழுத்தை எப்படிச் சேமிக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்த பிறகே எனக்கு விளங்கியது. (இன்று உலாவிகளிலேயே இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி உண்டு. நாம் எண்ணுவதுபோலவே பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்.)

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுக்கிறார்கள் அல்லவா? இரு பெயர்களையும் திருமண நாளையும் பெற்று, பாயின் அகலத்துக்குள் எழுத்துகள் அடங்குமா என்று காட்டி, ஆர்டரைச் சேமிக்கும் ஒரு பக்கத்தை வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு எழுதுங்கள். எத்தனை எழுத்து அடங்கும், எது நெய்யக் கடினம் என்பதை அம்மாவிடம் கேளுங்கள். வாடிக்கையாளரிடம் தேவையைக் கேட்டறிவதும் இத்தொழிலில் பாதி. எங்கே சிக்குகிறதோ, அங்கே காணொளிக்குப் போகாமல் எம்டிஎன் (MDN) என்ற இணையதளத்தின் விளக்க ஆவணங்களைத் திறந்து வாசியுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் விளக்கம் கேட்கலாம். நிரலை மட்டும் சில மாதங்களுக்குக் கேட்க வேண்டாம்.

கருவிகளைப் பொறுத்தவரை, எழுத விஎஸ் கோட் போதும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை என்றால் எந்த வரியை மாற்றினோம் என்பதை அது காட்டிவிடும். உலாவியின் டெவலப்பர் டூல்ஸைப் பலரும் நிறம் மாற்றிப் பார்ப்பதற்கு மட்டுமே திறக்கிறார்கள். அதன் நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து உங்கள் பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் அது எப்படித் திறக்கும் என்பது தெரியும்.

பாய்ப் பக்கம் ஓடிய பிறகு, அதையே ரியாக்டில் திரும்ப எழுதுங்கள். மூன்றில் அதைச் சொல்வது வேலை விளம்பரங்களில் அது அதிகம் கேட்கப்படுவதால்தான்; வேறு பெருமை எதையும் நான் அதற்குச் சூட்டவில்லை. உள்ளூர்க் கடைகளுக்கே தளம் செய்து கொடுக்க எண்ணமானால் ரியாக்டைவிட பிஎச்பியும் வேர்ட்பிரஸும் விரைவில் சோறு போடும்.

மடிக்கணினியை இப்போது மாற்ற வேண்டாம். ரேமைக் கூட்டும் வசதி அதில் இருக்கிறதா என்று கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் 8 ஜிபியாக்கி, வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் பணம் அம்மாவிடமே இருக்கட்டும்.