இ.எஸ்.ஏ. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: அரிசோனாவில் சேண்ட்லர் நகரில் வசிக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகனுக்கு அரசுப் பள்ளியில் ஐ.இ.பி. என்னும் தனிப்பட்ட சிறப்புக் கல்வித் திட்டப்படி வாரம் இருமுறை ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) கிடைக்கிறது. தனியார் கல்விச் செலவுக்காக மாநில அரசு தரும் இ.எஸ்.ஏ. (எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் அக்கவுன்ட்) பணத்தைப் பெற்று அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். 2011இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இத்திட்டம் 2022இல் மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டதால், உங்களுக்குத் தகுதி ஒரு தடையாக இராது. நான் எச்சரிக்க விரும்புவது நீங்கள் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான். மகனை அரசுப் பள்ளியிலோ, அரசு நிதியில் தனி நிர்வாகத்தின்கீழ் இயங்கும் சார்ட்டர் பள்ளியிலோ சேர்க்க மாட்டோம் என்றும், அவனுக்குக் கல்வி அளிக்கும் எல்லாக் கடமைகளிலிருந்தும் பள்ளி மாவட்டத்தை விடுவிக்கிறோம் என்றும் அதில் ஒப்புக்கொள்கிறீர்கள். ஐ.இ.பி.யும் அந்தக் கடமைகளுள் ஒன்று. இன்று வாரம் இருமுறை கட்டணமின்றி நடக்கும் தெரபியைச் சட்டப்படி கேட்டுப்பெறும் உரிமை கையெழுத்தோடு போய்விடும்.

அதற்கு ஈடாகக் கிடைக்கும் தொகை, சாதாரண மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர். மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு, பதிவாகியிருக்கும் வகையைப் பொறுத்து அது பெரிதும் மாறுபடும். ஆட்டிசம் என்று பதிவான பிள்ளைக்குக் கிடைக்கும் தொகையைப் பேச்சுக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கு எதிர்பார்க்கக் கூடாது. நண்பர் வீட்டுக் கணக்கை வைத்துத் திட்டமிட்டு ஏமாந்த பெற்றோர் உண்டு. பணம் மொத்தமாகக் கைக்கு வராது. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கில் சேரும் தொகையை, அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கு மட்டும், இதற்கென உள்ள இணையதளத்தின் வழியாகச் செலுத்த வேண்டும். உரிமம் பெற்ற தெரபிஸ்டின் கட்டணத்தையும் இதிலிருந்து கொடுக்கலாம் என்றாலும், பள்ளிக் கட்டணம் போக அதற்கு என்ன மிஞ்சும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாருங்கள்.

‘பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் கட்டாயம் எந்தத் தனியார் பள்ளிக்கும் இல்லை. ஆகவே முதலில் பள்ளியின் சேர்க்கை உறுதியையும், முழு ஆண்டுக் கட்டண விவரத்தையும், பேச்சுப் பயிற்சிக்கு அங்கே என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மறு மதிப்பீடு தேவையெனில் மகன் இப்போதைய பள்ளியில் இருக்கும்போதே கேட்டு, அறிக்கைகளின் பிரதிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். வரிச்சலுகை பெறும் நன்கொடைகளைக் கொண்டு எஸ்.டி.ஓ. அமைப்புகள் தனியார் பள்ளி மாணவர்களுக்கு அளிக்கும் உதவித்தொகையை இ.எஸ்.ஏ.வுடன் ஒரே சமயத்தில் பெற முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கணக்கை மூடிவிட்டு அரசுப் பள்ளிக்குத் திரும்ப வழி உண்டு. ஆனால் நீங்கள் இப்போது உங்கள் வீட்டு முகவரிக்குரிய பள்ளி எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளியில் ஓப்பன் என்ரோல்மென்ட் (எல்லை கடந்த சேர்க்கை) மூலம் இடம் பெற்றிருந்தால், அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்காது.

மாற விரும்பும் காரணத்தை நீங்கள் எழுதவில்லை. இந்தப் பள்ளி பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணமென்றால், வேறொரு அரசுப் பள்ளியையோ சார்ட்டர் பள்ளியையோ முதலில் பார்த்து வாருங்கள். அங்கே கட்டணமும் இல்லை, ஐ.இ.பி. உரிமையும் மகனோடு கூடவே வரும்.